மூன்றாம் நாள்

குழந்தை பிறந்த நேரத்தைத்தான் எல்லோரும் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். பால் சுரப்பைப் பொறுத்தவரை கணக்கு அதற்குச் சற்றுப் பின்னால், நஞ்சுக்கொடி வெளியே வந்து விழும் நேரத்தில், தொடங்குகிறது. கர்ப்பத்தின் பாதியைத் தாண்டும்போதே மார்பகம் சுரக்கத் தயாராகிவிடும். சிலருக்கு ஆறாம் மாதத்திலேயே உள்ளாடை நனையும். ஆனாலும் பால் பெருகுவதில்லை. நஞ்சுக்கொடி உண்டாக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. கொடி வெளியேறியதும் இரத்தத்தில் அந்த ஹார்மோன் மளமளவென்று இறங்குகிறது. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. சுரப்பி அணுக்கள் வேலையைத் தொடங்க இனித் தடையில்லை.

தொடங்கியவுடன் பால் வந்துவிடுமா என்றால், வராது. ஏறக்குறைய 30 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் மார்பு கனத்து, சூடாகி, பால் இறங்குவதைத் தாய் உணர்கிறாள். முதல் பிரசவம், சிசேரியன், உடல் பருமன், இனிப்புநீர் ஆகிய எல்லாமே இதை இன்னும் தள்ளிப்போடக்கூடியவை. கொடியின் துணுக்கு ஏதாவது கருப்பையில் தங்கிவிட்டால் தடையும் தங்கிவிடும். அதுவரை குழந்தைக்குக் கிடைப்பது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, முதல் நாள் முழுவதும் சேர்த்தாலும் சில தேக்கரண்டிதான் தேறும். ஐந்தாம் நாளில் அது அரை லிட்டரை நெருங்கும்.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். மலேசியாவின் ஜொகூர் மாநில அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவமான தாய், தனக்கும் குழந்தைக்கும் சிக்கல் இல்லையென்றால், பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவாள். பால் இறங்குவதோ இரண்டாம் மூன்றாம் நாளில். அதாவது பயிற்சி பெற்ற தாதியர் சுற்றி நிற்கும்போது பால் இருப்பதில்லை. பால் வரும்போது தாதியர் இருப்பதில்லை. மாசாயிலோ கூலாயிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில், அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா ஆகியோர் நடுவில் அந்த மூன்றாம் நாள் வருகிறது. தாய்ப்பால் ஆதரவு என்று மருத்துவமனைகள் செய்வது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த இடைவெளியைப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது.

ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றிலிருந்து இந்த ஆதரவின் கதையைத் தொடங்குவது நியாயம். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பேச எழுந்தார். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது குவாஷியோர்கர் என்ற ஊட்டக்குறை நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அன்று அவர் பேச்சுக்கு வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. சர்க்கரை கலந்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்தி விற்றார்கள். தாதியரைப் போல உடையணிந்த பெண்கள் தாய்மாரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கொழுப்பு நீக்கிய பாலில் செய்த டின்னில் ஏ, டி வைட்டமின்கள் கிடையாது. கலக்கும் தண்ணீருக்கும் உத்தரவாதம் கிடையாது. இப்படிச் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்று, வணிகர்கள் நிறைந்த அந்தச் சபையிலேயே அவர் சொன்னார். துணிச்சல் என்று இதைத்தான் சொல்வேன்.

சில ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். வில்லியம்ஸ் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். பட்டினியும் சீதபேதியும் நிறைந்த அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்ததாகவும், இருபதும் தாய்ப்பால் குடித்ததாகவும், இருபதும் பிழைத்ததாகவும் அவர் பின்னாளில் குறிப்பிட்டார். டின் பால் கிடைக்காத இடத்தில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. இதை ஆய்வு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த வாதத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி வேறில்லை.

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறு விதம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும், பிறகு மரம் சீவப் போக வேண்டும். கைக்குழந்தை ஆயா கொட்டகையில் கிடக்கும். தாய் மர நிரையில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பது ஆயாவின் கையில். தாய்க்குப் பால் இல்லாததால் புட்டி வந்தது என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. தாயே பக்கத்தில் இல்லாததாலும் வந்தது.

வில்லியம்ஸ் எழுப்பிய குரலுக்கு உலகம் காது கொடுக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1977-இல் அமெரிக்காவில், பால் மாவு விற்ற நெஸ்லே நிறுவனத்தைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981-இல் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விற்பதற்கான சர்வதேச நெறிமுறையை உலகச் சுகாதாரச் சபை ஏற்றது. மலேசியா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1979-இல், தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. அது சட்டமல்ல, நெறிமுறைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் நடத்திவரும் வாபா என்ற கூட்டமைப்பு 1991-இல் உருவானது. அதன் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது.

அதே 1991-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து ‘குழந்தை நேய மருத்துவமனை’ திட்டத்தைத் தொடங்கின. அதன் அடிப்படை, 1989-இல் எழுதப்பட்ட பத்துப் படிகள். பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் மார்பில் விடு, தாயையும் சேயையும் ஒரே அறையில் வை, மருத்துவக் காரணம் இல்லாமல் வேறெதையும் புகட்டாதே, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடு என்கிற ரீதியில் போகும். படிக்கும்போது இதில் என்ன புதுமை என்று தோன்றும். ஆனால் அன்றைய மருத்துவமனைகளில் குழந்தையைத் தனி அறையில் வரிசையாகப் படுக்கவைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுவதுதான் நவீனம்.

மலேசியா 1993-இல் தேசியத் தாய்ப்பால் கொள்கையை அறிவித்தது. 1998-இல் நாட்டின் அரசு மருத்துவமனைகள் அனைத்தும் ‘குழந்தை நேய மருத்துவமனை’ என்ற சான்றிதழைப் பெற்றுவிட்டன. உலகில் அதைச் செய்த மூன்றாவது நாடு மலேசியா என்று உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா, பத்து பகாட், குளுவாங், மூவார், சிகாமட் என்று மாநிலத்தின் பழைய அரசு மருத்துவமனைகளும் இதில் அடக்கம். பெருமைப்பட வேண்டிய செய்தி. எட்டே ஆண்டு கழித்து, 2006-இன் தேசியச் சுகாதார ஆய்வு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 14.5 விழுக்காடு.

மருத்துவமனை எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஏழு பிள்ளையில் ஒன்றுதான் தேறியதென்றால், பத்துப் படிகள் வேலை செய்யவில்லையா? செய்கின்றன என்பதற்கு வலுவான சான்று பெலாரஸ் நாட்டிலிருந்து வந்தது. அங்கே மைக்கேல் கிரேமர் தலைமையில் 31 மகப்பேறு மருத்துவமனைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் பத்துப் படிகளைத் தழுவிய பயிற்சி, மறு பகுதியில் வழக்கமான கவனிப்பு. 17,000-க்கு மேற்பட்ட தாய் சேய் இணைகள். 2001-இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் பயிற்சி பெற்ற பகுதியில் 43.3 விழுக்காடு, மறு பகுதியில் 6.4. முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் 9.1-க்கு எதிராக 13.2. இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனால் ஆறாம் மாதத்து எண்ணைப் பலரும் சொல்வதில்லை. 7.9-க்கு எதிராக 0.6. பயிற்சி பெற்ற பகுதியிலும் நூற்றில் எட்டுக்கும் குறைவு. மருத்துவமனை தொடங்கி வைக்கிறது. அதற்குமேல் கொண்டுசெல்வது வேறு யார் யாரோ.

அந்தத் தொடக்கம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் கவிழ்த்துப் படுக்கவைத்து, யாரும் தொடாமல் விட்டால், அது ஓர் ஒழுங்கில் இயங்குகிறது. முதலில் அழும், ஓயும், கண் விழிக்கும், வாயை அசைக்கும், நடுவே இளைப்பாறும், பிறகு காலை உந்தி மெல்ல ஊர்ந்து காம்பைத் தேடிப்போகும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தானாகவே பிடித்துச் சப்பும். சுவீடனில் 1990-இல் 72 குழந்தைகளைக் கவனித்த ஆய்வொன்று லான்செட் இதழில் வந்தது. தாயின் மேலேயே விடப்பட்ட 38 பேரில் 24 பேர் சரியாகப் பிடித்துக் குடித்தார்கள். எடை பார்க்கவும் குளிப்பாட்டவும் இடையில் தூக்கிப்போன 34 பேரில் 7 பேர்தான். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. வலி குறைக்கப் பெத்திடின் ஊசி போட்டுக்கொண்ட 40 தாய்மாரின் குழந்தைகளில் 25 பேர் சப்பவே இல்லை. மருந்து பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்து மந்தமாக்குகிறது. மலேசியப் பிரசவ அறைகளில் பெத்திடின் சர்வசாதாரணம். ஊசி போட்டுக்கொண்டதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் பிள்ளை தூங்கி வழிந்தால் “இதுக்குப் பால் குடிக்கத் தெரியல” என்று முடிவுகட்டாமல் இருக்க இந்தத் தகவல் உதவும்.

ஜொகூரின் ஒரு பிரசவ வார்டில் தினமும் கேட்கக்கூடிய பேச்சு இது:

“மிஸ்ஸி, பாலே வரலயே. ராத்திரி முழுக்க அழுதுக்கிட்டே இருக்கு.”

“வருதும்மா. காம்ப மட்டும் வாயில வெக்காதீங்க. வாய நல்லாத் தொறக்கட்டும். இப்போ அப்படியே கொண்டு வாங்க. தாடை மார்ல படணும். ஆங்... சத்தம் கேக்குதா? முழுங்குது பாருங்க.”

“ஒரு பாட்டல் பால் மாவு கலக்கிக் குடுத்தா பேசாம தூங்கிரும்ல?” என்பார் பக்கத்தில் நிற்கும் பாட்டி.

“தூங்கிரும் பாட்டி. ஆனா அப்புறம் இங்க சப்பாது.”

தாதி சொன்ன ‘தாடை மார்ல படணும்’ என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல உடற்கூற்றுக் கதை இருக்கிறது. 1840-இல் ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் பால் நாளங்களில் நிறமேற்றிய மெழுகைச் செலுத்தி, மார்பகத்தின் உள்ளமைப்பை வரைந்தார். அந்தப் படங்களின் செல்வாக்கில் காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் சிறு பைகள் இருப்பதாகப் பாடநூல்கள் நூற்றாண்டுக்கு மேல் சொல்லிவந்தன. குழந்தை ஈறால் அந்தப் பைகளை அழுத்திப் பாலை எடுக்கிறது என்றே தாதியரும் படித்தார்கள். 2005-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மனின் குழுவினர் பால் கொடுக்கும் தாய்மாரை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது அப்படிப் பையே இல்லை. நாளங்கள் மெல்லியவை, காம்புக்கு அருகிலேயே கிளை பிரிபவை. அதே குழுவில் இருந்த டோனா கெட்டிஸ் தொடர்ந்து செய்த ஆய்வில், குழந்தையின் நாக்கு கீழே இறங்கி வாய்க்குள் வெற்றிடம் கூடும் கணத்தில்தான் பால் பாய்கிறது என்று தெரிந்தது. கடித்து எடுப்பதில்லை, உறிஞ்சி எடுக்கிறது. காம்பின் நுனியை மட்டும் பிடித்தால் நாக்குக்கு அந்த இடம் கிடைக்காது. காம்பு நசுங்கிப் புண்ணாகும், பாலும் வராது. வாய் நிறைய மார்பைக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

பாட்டி கேட்ட ‘ஒரு பாட்டல்’ விஷயத்துக்கு வருவோம். தொடக்கத்தில் சுரப்பை நடத்துவது ஹார்மோன். சில நாளில் அந்தப் பொறுப்பு மார்பகத்தின் கைக்கே வந்துவிடுகிறது. எடுத்த அளவுக்குச் சுரக்கும், எடுக்காமல் தேங்கினால் சுரப்பு குறையும். இது ஒவ்வொரு மார்பிலும் தனித்தனியாக நடக்கும். அதனால் இரண்டாம் நாள் இரவில் புகட்டிய ஒரு பாட்டில், பிள்ளையை நான்கு மணி நேரம் தூங்கவைத்து, அந்த நான்கு மணி நேரத்துக்கு மார்பைச் சும்மா விட்டுவிடுகிறது. மறுநாள் பால் கட்டிக்கொண்டு கல்லாகும். கல்லான மார்பைப் பிள்ளையால் பிடிக்க முடியாது. அடுத்த பாட்டில் தயாராகும். பெரும்பாலான வீடுகளில் ‘எனக்குப் பால் பத்தல’ என்ற பேச்சு இந்த வழியாகத்தான் வருகிறது.

எல்லா வீடுகளிலும் அல்ல. இங்கே நான் கொஞ்சம் கறாராகச் சொல்ல விரும்புகிறேன். உண்மையாகவே பால் போதாத தாய்மார் உண்டு. மலேசிய இந்தியப் பெண்களிடையே கர்ப்பகால இனிப்புநீர் அதிகம். அவர்களுக்குப் பால் இறங்கத் தாமதமாகும், அவர்களின் குழந்தைகளுக்கோ பிறந்தவுடன் இரத்தச் சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில். பிறந்த எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போனாலோ, மருத்துவர் சொல்லும் கூடுதல் பாலைக் கொடுத்தே ஆக வேண்டும். வெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று காத்திருப்பது ஆபத்து. பத்துப் படிகளிலேயே ‘மருத்துவக் காரணம் இல்லாமல்’ என்ற சொற்கள் இருக்கின்றன. சில வார்டுகளில் அந்தச் சொற்களை மறந்துவிட்டு, பாட்டில் கேட்ட தாயைக் குற்றவாளியைப் போலப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவள் வீட்டுக்குப் போன பிறகு உதவி கேட்டுத் திரும்பி வரமாட்டாள்.

அந்த வீட்டில் அவளுக்குக் காத்திருப்பது பத்தியம். பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, இஞ்சி, கருவாடு. பால் சுரக்கும் என்று சமைத்துப் போடுவதில் பெரும்பகுதிக்கு ஆய்வுச் சான்று மெல்லியதுதான். ஆனாலும் மூன்று வேளையும் ஒருவர் சமைத்துக் கையில் கொடுக்க, தாய் படுக்கையிலேயே பிள்ளையோடு இருக்கலாம் என்பது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. பூண்டு பற்றி ஒரு சுவையான ஆய்வு உண்டு. 1991-இல் அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாமும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசம் ஏறியது. அந்தப் பாலைக் குழந்தைகள் வெறுக்கவில்லை, கூடுதல் நேரம் மார்பிலேயே கிடந்தார்கள். குடித்த அளவு மட்டும் பெரிதாகக் கூடவில்லை. பத்தியத்தில் விடவேண்டியவை இரண்டு. தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது ஒன்று. தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும். பிள்ளைக்குச் சேனை என்று தேனைத் தொட்டு வைப்பது மற்றொன்று. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கலாம்.

மூன்றாம் நாளில் வீடு நிறைய ஆள் வருவதற்கும் ஓர் அறிவியல் உண்டு. பால் சுரந்தால் போதாது, பாய வேண்டும். அதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். அது பதற்றத்தில் அடங்கிவிடும். 1948-இல் நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் தம்பதி பாலூட்டும் ஒரு தாயை வைத்துச் சோதித்தார்கள். தொந்தரவில்லாத நாளில் குழந்தை குடித்தது 168 கிராம். பாதங்களை ஐஸ் தண்ணீரில் வைத்தும், கால்விரலை வலிக்க இழுத்தும், கணக்குக் கேட்டு மின்சாரத்தால் சுண்டியும் படுத்திய நாட்களில் 99 கிராம். அதே தொல்லைகளோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராம். பால் உள்ளேதான் இருந்தது, வெளிவரவில்லை. “பால் இருக்கா? பிள்ள ஏன் இப்படி இளைச்சிருக்கு?” என்று படுக்கையறை வாசலில் நின்று கேட்கிற உறவினர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நாட்களில்தான் அரசுக் கிளினிக்கின் தாதி வீடு தேடி வருவார். பிரசவத்துக்குப் பிந்திய இந்த வீட்டு வருகை மலேசியாவின் பொதுச் சுகாதாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொப்புள் பார்ப்பார், மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பார், தாயின் தையலைப் பார்ப்பார். பிள்ளை பால் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சிசுவுக்கு ஐந்தாறு நாளானால் ஒரு நாளில் ஆறு தடவையாவது நாப்கின் நன்றாக நனைய வேண்டும். கறுப்பு மலம் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பியிருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், மார்பு தளர்ந்திருந்தாலும், பிள்ளை மாலையில் அழுதாலும், பால் போதுகிறது என்று அர்த்தம்.

2006-இல் 14.5 ஆக இருந்த எண் 2016-இல் 47.1 ஆனது. 2022-இல் 53.1. மருத்துவமனைகள் 1998-லேயே தயார். அதற்குப் பிறகு கூடியதில் கணிசமான பங்கு மருத்துவமனைச் சுவருக்கு வெளியே நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தாய்மார் ஒருவருக்கொருவர் உதவும் குழுக்கள், வேலையிடங்களில் பால் எடுக்க ஓர் அறை எல்லாம் அந்த வெளியில் அடங்கும். அதன் பிறகு, 2023 ஜனவரி 1 முதல், தனியார் ஊழியருக்குப் பேறுகால விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பரிந்துரையோ ஆறு மாதம், 180 நாள்.

ஜொகூருக்கு இன்னொரு கணக்கு உண்டு. விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற தாய்மாரின் கணக்கு. அங்கே பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இல்லாவிட்டால் விடுப்பு 12 வாரம். அதன் பிறகு வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப 13, 14 மணி நேரம் ஆகிவிடுகிறது. எடுக்காமல் விட்டால் சுரப்பு சில நாளிலேயே இறங்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் நிற்கும். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், ஐஸ் பாக்கெட் வைத்த பையில் ஒரு நாள், ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். புரோலாக்டின் இரவில் கூடுதலாக ஏறும். ஆகவே இரவில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக் கொடுக்கும் பால்தான் மறுநாள் பகலின் சுரப்பையும் காப்பாற்றுகிறது.

1989-இன் பத்துப் படிகளில் ஐந்தாவது, பிள்ளையைப் பிரிந்திருக்க நேர்ந்தாலும் சுரப்பை எப்படி நிலைநிறுத்துவது என்று தாய்க்குக் காட்டச் சொன்னது. குறைமாதப் பிள்ளை தீவிர சிகிச்சையில் இருக்கும் தாய்க்குத்தான் அது முதலில் நினைவுக்கு வரும். ஜொகூரில் அந்தப் பாடம் வார்டில் படுத்திருக்கும் எல்லோருக்கும் வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து, விட்டு, மறுபடி. தோலை இழுக்கக் கூடாது. முதல் நாள் சீம்பாலில் இதைப் பழகியவளுக்கு மூன்றாம் நாள் பால் கட்டினாலும் வழி தெரியும். நான்காம் மாதம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்னால் பஸ் நகராமல் நிற்கும்போது பம்ப்பின் பேட்டரி தீர்ந்துபோனாலும் தெரியும்.